பைதகரசின் தொடர்பை மட்டையாலும் மணலாலும் கயிற்றாலும் கற்பித்தல்

தரம் 9இல் பைதகரசின் தொடர்பு வருகிறது. செங்கோண முக்கோணியில் செங்கோணத்துக்கு எதிரேயுள்ள பக்கத்தின் (செம்பக்கத்தின்) மேல் வரையும் சதுரத்தின் பரப்பளவு, மற்ற இரண்டு பக்கங்களின் மேல் வரையும் சதுரங்களின் பரப்பளவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பதே அது. தரம் 11இல் அதுவே தேற்றமாகத் திரும்பி வருகிறது. இடைப்பட்ட காலத்தில் பல பிள்ளைகளிடம் மிஞ்சுவது 3, 4, 5 என்ற மூன்று எண்கள் மட்டுமே. "ஒரு செங்கோண முக்கோணியின் இரண்டு பக்கங்கள் 4 செ.மீ., 5 செ.மீ. மூன்றாவது எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். செங்கோணம் எந்த மூலையில் இருக்கிறது என்று விசாரிக்காமலே 3 என்று எழுதுவார்கள். 4உம் 5உம் செங்கோணத்தை உள்ளடக்கும் பக்கங்களானால் விடை √41, ஏறத்தாழ 6.4 செ.மீ. அப்படி ஒரு விடை இருக்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

இதற்குக் காரணம் தெளிவானது. இந்தத் தொடர்பு நீளங்களுக்கு இடையில் இல்லை, அந்த நீளங்களின் மேல் நிற்கும் சதுரங்களின் பரப்பளவுகளுக்கு இடையில் இருக்கிறது. சதுரத்தைக் கையில் எடுத்து வெட்டி, நிரப்பி, நிறுத்துப் பார்க்காத பிள்ளைக்கு 6² என்பது 12 ஆகவே தெரியும். ஆகவே முதல் இரண்டு பாடவேளைகளில் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே உள்ள வேலைகள் திருகோணமலை நகரத்திலோ கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்திலோ புத்தகக்கடையிலும் ஹாட்வெயாரிலும் கிடைக்கும் பொருட்களைக்கொண்டே செய்யக்கூடியவை.

செங்கோணம் இல்லாத முக்கோணிகளும் வேண்டும்

வழக்கமாகச் செங்கோண முக்கோணி ஒன்றை மட்டும் வரைந்து மூன்று சதுரங்களையும் எண்ணச் சொல்வோம். 36உம் 64உம் 100 ஆகிறது, பிள்ளைகள் தலையாட்டுவார்கள். எல்லா முக்கோணிக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். செங்கோணத்துக்கு மட்டுமே உரிய இயல்பு என்பதைக் காட்டவேண்டுமென்றால் செங்கோணம் இல்லாதவையும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு: 1 செ.மீ. பெட்டிக்கோடு போட்ட ஏ4 தாள் மூன்று, பிறிஸ்டல் மட்டை ஒன்று, கவராயம், அடிமட்டம், பாகைமானி, கத்தரிக்கோல். சதுரக்கோட்டுக் கொப்பித் தாளையும் எடுக்கலாம். ஆனால் அதன் பெட்டி சரியாக 1 செ.மீ. ஆக இருக்கும் என்று நம்பவேண்டாம், அளந்து பாருங்கள். 1 செ.மீ. இல்லாவிட்டால் பெட்டியின் பக்கத்தையே அலகாக வைத்து, முக்கோணியையும் அதே அலகில் வரையுங்கள். சதுரம் ஓர் அலகிலும் முக்கோணி வேறோர் அலகிலும் இருந்தால் எதுவுமே பொருந்தாது.

மட்டையில் மூன்று முக்கோணிகளைக் கவராயத்தால் அமைக்கவேண்டும்: 6, 8, 9; 6, 8, 10; 6, 8, 11 (எல்லாம் செ.மீ.). பெட்டித்தாளில் 6, 8 பக்கச் சதுரங்கள் மும்மூன்றும் 9, 10, 11 பக்கச் சதுரங்கள் ஒவ்வொன்றும் வெட்டி, உரிய பக்கத்தோடு ஒட்டவேண்டும். இரண்டு சிறிய சதுரங்களும் சேர்ந்து எப்போதும் 100 பெட்டிகள். பெரிய சதுரம் முதலாவதில் 81, இரண்டாவதில் 100, மூன்றாவதில் 121. இப்போது 6க்கும் 8க்கும் இடைப்பட்ட கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 79°, 90°, 103° என்று வரும். பெரிய சதுரம் குறைந்தால் கூர்ங்கோணம், கூடினால் விரிகோணம், சமமானால் செங்கோணம். தேற்றமும் அதன் மறுதலையும் (பரப்பளவுகள் பொருந்தினால் கோணம் செங்கோணம் என்பதும்) இந்த ஒரே மேசையில் கிடைத்துவிடுகின்றன. பின்னர் கயிறு கட்டும்போது இந்த மறுதலைதான் வேலை செய்யப்போகிறது.

பிழைக்கும் இடம் கவராயம். பென்சில் தளர்ந்து 10 செ.மீ. என்பது 10.1 ஆகிவிட்டால் கோணம் 91.2° ஆகும். 1 மி.மீ. பிழைக்கு ஒரு பாகைக்கு மேலான விலகல். பாகைமானியில் 91 வாசித்த குழுவைத் திருத்தவேண்டாம். செம்பக்கத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், காரணத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கவராயத்தின் முனை மட்டையில் துளையைப் பெரிதாக்குவதாலும் இதே பிழை வரும். துளை விழும் இடத்தில் சிறு துண்டு ரேப் ஒட்டிவிட்டால் அது நிற்கும்.

மணல் பெட்டிகள்

எல்லா வேலைகளிலும் பிள்ளைகளின் மனதில் நீண்டகாலம் நிற்பது இதுதான். கவனமாகச் செய்யாவிட்டால் பொய்யான முடிவைக் காட்டுவதும் இதுதான்.

மூடியில்லாத மூன்று பெட்டிகள் வேண்டும். உள் அடி 6×6, 8×8, 10×10 செ.மீ., உள் உயரம் மூன்றுக்கும் 2 செ.மீ. கொள்ளளவு 72, 128, 200 மி.லீ. 2 மி.மீ. தடிப்பான மட்டையில் செய்வதானால் வெட்டவேண்டிய அளவுகள் இவை. அடிக்கு 6×6, பக்கச்சுவருக்கு 6×2.2 இரண்டும் 6.4×2.2 இரண்டும். சுவர்களை அடித்தட்டின் மேலே நிறுத்தாமல், அதன் விளிம்புக்கு வெளியே அணைத்து ஒட்டவேண்டும். அடித்தட்டின் தடிப்பு 0.2 செ.மீ. போக, உள்ளே சரியாக 2 செ.மீ. கிடைக்கும். மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் இதே கணக்கு: ஒன்றுக்கு 8உம் 8.4உம், மற்றதற்கு 10உம் 10.4உம். வெள்ளைப் பசையால் ஒட்டி, மூலைகளில் உள்ளே பசை திரளாமல் துடைத்து, ஓர் இரவு காயவிடுங்கள்.

வெளி அளவை 6, 8, 10 ஆக எடுத்துச் செய்தால் என்ன நடக்கும்? உள் அளவு 5.6, 7.6, 9.6 ஆகும். இரண்டு சிறிய அடிகளும் சேர்ந்து 89.12 ச.செ.மீ., பெரியது 92.16 ச.செ.மீ. மணலை ஊற்றும்போது பெரிய பெட்டி ஏறத்தாழ 6 மி.லீ. குறையாக நிற்கும், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல். "சேர், பொருந்தவில்லையே" என்று பிள்ளைகள் சொல்வது நியாயம்தான். 5.6, 7.6, 9.6 செங்கோண முக்கோணியின் பக்கங்கள் அல்ல. மூன்று பக்கங்களிலிருந்தும் ஒரே அளவைக் கழித்தால் செங்கோணம் கெட்டுவிடும். இதைக் காட்டுவதற்காகவே வெளி அளவில் செய்த பெட்டித் தொகுதி ஒன்றையும் வைத்திருக்கலாம். நல்ல மாணவர்களுக்கு நல்ல புதிர்.

மணல் கடற்கரையில் தாராளமாக இருந்தாலும் அதை நேரடியாகப் பாவிக்கவேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மணல் கட்டி கட்டும், ஊற்றும்போது மூலைகளில் இடைவெளி விழும். கட்டட வேலைக்கு வாங்கிய மணலில் அரை லீற்றர் எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மா அரிக்கும் அரிதட்டில் அரித்தால் போதும். பயறு, அரிசி போன்றவை பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், ஆனால் மணிகள் சுவரோரத்தில் நெருங்கி அடங்காது. சிறிய பெட்டிகளில் பரப்பளவோடு ஒப்பிடும்போது சுவர் அதிகம் என்பதால் அங்கே வெற்றிடமும் அதிகம். முடிவு ஒருபக்கமாகச் சாயும். மணி எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு இந்தப் பிழை குறையும்.

செய்முறை: இரண்டு சிறிய பெட்டிகளையும் வழிய நிரப்பி, அடிமட்டத்தின் விளிம்பால் அமர்த்தாமல் ஒருமுறை வழித்துவிடுங்கள். இரண்டையும் பெரிய பெட்டியில் கொட்டி, அதையும் மெதுவாக மட்டப்படுத்துங்கள். தட்டக்கூடாது. தட்டினால் மணல் அமரும், பெரிய பெட்டி குறைவாகத் தெரியும். உயரத்திலிருந்து ஊற்றினாலும் மணல் இறுகும், ஆகவே மூன்று பெட்டிகளையும் ஒரே உயரத்திலிருந்து, ஒரே கையால், ஒரே குவளையால் நிரப்பவேண்டும். விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடக்குறைய நிற்பது இயல்பு. அதை மறைத்துச் சமன் செய்யாமல், எதனால் வந்தது என்று பேசுங்கள்.

"மூன்று பெட்டிக்கும் ஏன் ஒரே உயரம்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். 10×10 பெட்டியை 3 செ.மீ. உயரத்தில் செய்து பார்க்கச் சொன்னால், கனவளவு பரப்பளவின் இடத்தில் நிற்பது உயரம் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே என்பது பேச்சில்லாமல் விளங்கும். சதுரத்துக்குப் பதிலாக மூன்று பக்கங்களின் மேலும் அரைவட்டப் பெட்டிகள் செய்தாலும் மணல் சரியாகப் பொருந்தும். உருவங்கள் ஒன்றுக்கொன்று இயல்பொத்தவையாக இருந்தால் போதும், சதுரமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தரம் 11 பிள்ளைகளுக்கு இதை விட்டுவிடாதீர்கள்.

தராசு இருந்தால் மணலுக்குப் பதிலாக 3 மி.மீ. ஹாட்போட்டில் 18, 24, 30 செ.மீ. பக்கச் சதுரங்களை ஒரே பலகையிலிருந்து வெட்டி நிறுக்கலாம். ஹாட்போட்டின் வகையைப் பொறுத்து நிறை மாறும், ஆனால் பெரியது 240 கிறாமை அண்டி வரும், சிறியவை இரண்டும் சேர்ந்து அதே நிறை காட்டும். சமையலறை டிஜிற்றல் தராசு 1 கிறாம் வரை காட்டினாலே போதும். பிறிஸ்டல் மட்டையில் 10 செ.மீ. சதுரம் இரண்டு மூன்று கிறாம்தான் வரும், அதை அந்தத் தராசில் நிறுப்பதில் பயனில்லை. மணலையே நிறுப்பதானால் ஒரே குவியலிலிருந்து எடுக்கவேண்டும். புல்மோட்டைப் பக்கத்துக் கருமணலில் இல்மனைற்று, உரூட்டைல், சிர்கோன் போன்ற பாரமான கனியங்கள் இருக்கின்றன. ஒரு பெட்டியில் அதுவும் மற்றதில் சாதாரண மணலும் போனால் தராசு பொய் சொல்லும். கனவளவால் ஒப்பிடும்போது இந்தச் சிக்கல் இல்லை.

ஐந்து துண்டுகள்

மணல் "எவ்வளவு" என்பதைக் காட்டும். வெட்டி அடுக்குவது "எப்படி" என்பதைக் காட்டும். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் பங்குத்தரகராக இருந்த ஹென்றி பெரிகல் கண்ட வெட்டுமுறை வகுப்புக்கு மிகப் பொருத்தமானது. நடுத்தரச் சதுரத்தை நான்காக வெட்டி, சிறிய சதுரத்தோடு சேர்த்து ஐந்து துண்டுகளால் பெரிய சதுரத்தை மூடிவிடலாம்.

புத்தகங்களில் "மையத்தினூடாகச் செம்பக்கத்துக்குச் சமாந்தரமாகவும் செங்குத்தாகவும் கோடு வரைக" என்று இருக்கும். பிள்ளைகள் சமாந்தரக் கோட்டில் தடுமாறுவார்கள். சுலபமான வழி இருக்கிறது. 8 செ.மீ. சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் வரும்போது, பக்கம் தொடங்கும் மூலையிலிருந்து 1 செ.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். எதிரெதிர்ப் புள்ளிகளை இணையுங்கள். இரண்டு கோடுகளும் மையத்தில் செங்கோணமாக வெட்டும், ஒவ்வொன்றும் 10 செ.மீ. நீளம். அந்த 1 செ.மீ. எங்கிருந்து வந்தது? 8இலிருந்து 6ஐக் கழித்ததன் பாதி. 5, 12, 13 முக்கோணிக்கு 3.5 செ.மீ. தள்ளவேண்டும்.

நான்கு துண்டுகளும் ஒருங்கிசையும். ஒவ்வொன்றின் பக்கங்களும் 1, 5, 5, 7 செ.மீ. 5உம் 5உம் சந்திக்கும் மூலை பெரிய சதுரத்தின் மூலைக்குப் போகும். நடுவில் 7 − 1 = 6 செ.மீ. பக்கமுள்ள சதுர ஓட்டை விழும், சிறிய சதுரம் அதில் அப்படியே இருக்கும். வெட்டுவதற்கு முன் மட்டையின் ஒரு பக்கத்துக்கு நிறம் தீட்டுங்கள். துண்டைக் கவிழ்த்து வைத்தால் ஒருபோதும் பொருந்தாது. அடுக்க முடியாமல் நிற்கும் குழுவில் ஏதோ ஒரு துண்டு கவிழ்ந்திருக்கும். நிறம் இருந்தால் பார்த்தவுடன் தெரியும்.

அளப்பதிலிருந்து நிறுவலுக்கு

இதுவரை செய்தவை எல்லாம் 6, 8, 10க்கு உண்மை என்று காட்டின. எந்தச் செங்கோண முக்கோணிக்கும் உண்மை என்று அவை காட்டவில்லை. தரம் 9இலேயே இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். மணல் சரியாக நிரம்பியது நிறுவல் ஆகாது.

இதற்கு 14 செ.மீ. உள் பக்கமுள்ள சதுரத் தட்டும், 6×8 செவ்வகங்கள் இரண்டை மூலைவிட்டத்தில் வெட்டிய நான்கு முக்கோணிகளும் போதும். தட்டை 14.1 செ.மீ. ஆகச் செய்தால் துண்டுகள் இறுகாமல் நகரும். நான்கு முக்கோணிகளையும் தட்டின் நான்கு மூலைகளில் சுழல வைத்தால் நடுவில் ஒரு சாய்ந்த சதுர ஓட்டை. இரண்டு செவ்வகமாகச் சேர்த்து எதிரெதிர் மூலைகளில் வைத்தால் 6×6, 8×8 என இரண்டு ஓட்டைகள். தட்டும் மாறவில்லை, முக்கோணிகளும் மாறவில்லை. ஆகவே மிஞ்சிய வெற்றிடமும் மாறமுடியாது. எண் ஒன்றும் தேவைப்படவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். 5, 9 பக்கங்களுள்ள செங்கோண முக்கோணிகளை அதே தட்டில் வைத்தும் செய்யலாம், 5 + 9உம் 14 தானே.

ஒரு கேள்வியைத் தாண்டிப் போகக்கூடாது: நடுவிலுள்ள சாய்ந்த ஓட்டை சதுரம்தான் என்று எப்படித் தெரியும்? நான்கு பக்கமும் செம்பக்கம் என்பது தெரிகிறது. கோணம்? தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று கோணங்கள் சேர்ந்து 180° ஆகின்றன. அவற்றில் இரண்டு, முக்கோணியின் இரு கூர்ங்கோணங்கள், சேர்ந்து 90°. மிஞ்சுவது 90°. இதைப் பிள்ளைகள் தாங்களே எழுதிவிட்டால் தரம் 11 நிறுவலில் பாதி முடிந்துவிட்டது.

மைதானத்தில் கரப்பந்துக் கோடு

வீட்டு அத்திவாரத்துக்குக் கயிறு கட்டும் மேசன்மார் 3 அடி, 4 அடி, 5 அடி வைத்து மூலை பிடிப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கரப்பந்து மைதானம் போடுவது அதே வேலையின் பெரிய வடிவம். நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர்.

வேண்டியவை: 30 மீற்றர் அளவுநாடா இரண்டு, முளைகள் எட்டு, சுத்தியல், சுண்ணாம்புத் தூள், கோடு பிடிக்க 3 மி.மீ. நைலோன் கயிறு. கோடையில் இறுகிய நிலத்தில் மரமுளை இறங்காது, 6 அங்குலக் கொங்கிறீற் ஆணி இறங்கும். உப்புவெளி, நிலாவெளி மணலில் எதிர்ப்பிரச்சினை: முளை இழுபடும். அரை மீற்றர் முளையைச் சாய்வாக, கயிறு இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்ந்திருக்க, அடிக்கவேண்டும்.

நீளக் கோடு 18 மீற்றரை முதலில் நட்டு, இரு முனையிலும் முளை. ஒரு முனையிலிருந்து கோட்டின் வழியே 8 மீற்றரில் மூன்றாவது முளை. மூலையிலிருந்து 6 மீற்றரும் அந்த மூன்றாவது முளையிலிருந்து 10 மீற்றரும் நாடாவை இழுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நான்காவது முளை. மூலையையும் அதையும் இணைத்து 9 மீற்றருக்கு நீட்டினால் அகலக் கோடு. இன்னும் நேரான வழியும் உண்டு. ஒரு மூலையிலிருந்து 9 மீற்றர், எதிர்முனை மூலையிலிருந்து 20.12 மீற்றர், இரண்டும் சந்திப்பது மைதானத்தின் அடுத்த மூலை. 20.12 என்பது √(324 + 81), அதாவது √405. இந்த எண்ணைப் பிள்ளைகள் மைதானத்துக்கு வரும் முன் கொப்பியில் கண்டுபிடித்திருக்கவேண்டும்.

ஏன் 3, 4, 5 மீற்றரோடு நிறுத்தக்கூடாது? செம்பக்கத்தை அளப்பதில் 5 செ.மீ. பிழை வந்ததாக வைத்துக்கொள்வோம். 3, 4, 5இல் கோணம் 91.2° ஆகும், 9 மீற்றர் கோட்டின் முனை 19 செ.மீ. விலகும். 6, 8, 10இல் அதே 5 செ.மீ. பிழைக்கு விலகல் 9 செ.மீ. 9, 18, 20.12இல் 6 செ.மீ. கூட இல்லை. முக்கோணி பெரிதானால் அதே பிழை சிறிய கோணமாகிறது. மேசையில் 1 மி.மீ. பிழை ஒரு பாகையை மாற்றியதை இங்கே நினைவுபடுத்துங்கள், 10 செ.மீ. இல் 1 மி.மீ.உம் 5 மீற்றரில் 5 செ.மீ.உம் ஒரே நூற்றுக்கொன்று.

நூல் கயிறோ நைலோன் கயிறோ கொண்டு நீளம் அளக்கவேண்டாம். நைலோன் இழுக்க இழுக்க நீளும். நூற்றுக்கு ஒன்று நீண்டாலே 10 மீற்றரில் 10 செ.மீ. முடிச்சுப் போட்ட கயிறுதான் இருக்கிறதென்றால் முடிச்சுகளை முதலில் இறுக்கிப் போட்டு, அதன் பிறகு அளந்து அடுத்த முடிச்சைத் தீர்மானியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முடிச்சும் கயிற்றை விழுங்கும். முடிச்சை விட நிற இன்சுலேசன் ரேப் சுற்றி அடையாளமிடுவது நல்லது.

கச்சான் காற்று (தென்மேல் பருவக்காற்று) வீசும் மாதங்களில் மாலைநேரத்தில் நாடா வில்போல வளையும். இதனால் எவ்வளவு பிழை என்பதைப் பைதகரசாலேயே கணிக்கலாம். 10 மீற்றர் நாடாவின் நடுப்பகுதி 30 செ.மீ. ஒதுங்கியிருக்கிறது என்றால், 5உம் 0.3உம் பக்கங்களான இரண்டு முக்கோணிகள். √25.09 ஏறத்தாழ 5.009. மொத்தம் 1.8 செ.மீ. பிழை, உண்மையான வளைவுக்கு இன்னும் சற்றுக் கூடும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் வளைவு தரும் பிழை இவ்வளவு சிறியது, கண்ணுக்குத் தெரியாத நீட்சி தரும் பிழை அதைவிடப் பெரியது. பிள்ளைகள் இதை எதிர்பார்க்கமாட்டார்கள்.

நான்கு மூலையும் நட்டபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவேண்டும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமானால்தான் அது செவ்வகம். பக்கங்கள் மட்டும் சரியாக இருந்தால் சாய்ந்த இணைகரமாகவும் இருக்கலாம். நடுக்கோடு போட்டபின் 9×9 அரைப்பகுதியின் மூலைவிட்டம் 12.73 மீற்றர். இது 9√2. பைதகரசுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே பபிலோனியர் ஒரு களிமண் பலகையில் √2இன் பெறுமானத்தை ஐந்து தசமதானங்கள் வரை சரியாகப் பொறித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை.

வேலை முடிந்தால் கயிற்றைக் கட்டியபடி விட்டுவிட்டுப் போகவேண்டாம். திருகோணமலை நகரத்தில் மான்கள் திறந்த வெளிகளில் நடமாடும். மெல்லிய நைலோன் அவற்றின் காலிலும் கொம்பிலும் சிக்கும்.

வர்க்கமூலம் இல்லாத பழைய விதி

இணையத்தில் ஒரு பழைய தமிழ்ச் செய்யுள் சுற்றி வருகிறது. நீண்ட பக்கத்தை எட்டாகக் கூறிட்டு ஒரு கூறைத் தள்ளி, மற்றப் பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் செம்பக்கம் என்பது அதன் கணக்கு. பிள்ளைகள் இதைக் கொண்டுவந்து காட்டினால் ஒதுக்கவேண்டாம், சோதிக்க விடுங்கள். 3, 4க்கு 3.5 + 1.5 = 5, சரி. 5, 12க்கு 10.5 + 2.5 = 13, சரி. 8, 15க்கு 17.125, உண்மை 17. 20, 21க்கு 28.375, உண்மை 29. நம் மைதானத்துக்கு 20.25 மீற்றர் என்று வரும். அதை நம்பி நட்டால் கோட்டின் முனை 14 செ.மீ. விலகும். கடைசியாக 1, 8 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 7 + 0.5 = 7.5. செம்பக்கம் 8ஐ விடக் குறைந்துவிட்டது! செங்கோண முக்கோணியில் செம்பக்கமே நீளமானது என்பதை இந்த ஒரு உதாரணம் பதியவைக்கும். விரைவான மதிப்பீட்டுக்கு உதவும் அண்ணளவு விதி அது. எல்லாச் செங்கோண முக்கோணிக்கும் பொருந்தும் தொடர்பு அல்ல.

கோணேசர் கோவிலிலிருந்து அடிவானம்

தரம் 11க்கு ஒரு வேலை. கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றர் உயரத்தில், கோணேசர் கோவில் இருக்கும் சுவாமிமலையில் நிற்பதாக எடுப்போம். பார்வைக்கோடு கடலைத் தொடும் இடத்தில் அது பூமிக்குத் தொடலி, அங்கே ஆரைக்குச் செங்குத்து. பூமியின் ஆரை 6371 கி.மீ. ஒரு பக்கம், 6371.1 கி.மீ. செம்பக்கம். வர்க்கங்களின் வித்தியாசத்தை 0.1 × 12742.1 என்று காரணிப்படுத்தினால் 1274.21, வர்க்கமூலம் ஏறத்தாழ 35.7 கி.மீ. கடற்கரையில் நிற்கும் பிள்ளைக்குக் கண் உயரம் 1.5 மீற்றர் என்றால் அடிவானம் 4.4 கி.மீ. மட்டுமே. காற்றில் ஒளி வளைவதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை, எடுத்தால் தூரம் சற்றுக் கூடும். 6371 ஐ வர்க்கமாக்கிப் பெருக்கப் புறப்படும் பிள்ளையை நிறுத்தி, காரணிப்படுத்தலை நினைவூட்டவேண்டும்.

பிழையைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுத்தல்

சூத்திரம் எழுதத் தொடங்கியபின் வரும் பிழைகள் சிலவே. ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போகவேண்டிய வேலை வேறு.

6² = 12 என்று எழுதுபவருக்குப் பெட்டித்தாள் சதுரத்தைக் கொடுத்து எண்ண விடுங்கள். √(36 + 64) = 6 + 8 என்பவருக்கு மட்டை முக்கோணியைக் கொடுத்து, இரண்டு பக்கமாகச் சுற்றிப் போவதும் குறுக்கே போவதும் ஒரே தூரமா என்று கேளுங்கள். செம்பக்கம் 13, ஒரு பக்கம் 5 எனும்போது கூட்டி √194 எழுதுபவருக்கு மணல் பெட்டி: பெரியதை நிரப்பி, அதிலிருந்து சிறியதை நிரப்பி, மிஞ்சியது எங்கே போகும் என்று பார்க்கட்டும். விடை 13ஐ விடப் பெரிதாக வந்ததைத் தாமே கவனிக்கப் பழக்கவேண்டும்.

முக்கோணி சரிந்து நின்றால் செம்பக்கத்தை இனங்காணாத பிள்ளைகள் அதிகம். கரும்பலகையில் எப்போதும் அடி கிடையாக, செங்கோணம் இடதுமூலையில் வரைவதால் வருவது இது. மட்டை முக்கோணியைக் காற்றில் சுழற்றிக் காட்டி, செங்கோணத்துக்கு எதிரே விரல் வைக்கச் சொல்வது ஒரு நிமிட வேலை. எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள், செம்பக்கத்துக்கு எப்போதும் ஒரே எழுத்து வைத்தால் எழுத்தையே மனப்பாடம் செய்வார்கள்.

முழு எண் வராத கணக்குகளைப் பாதிக்குப் பாதி கொடுக்கவேண்டும். 5, 6க்கு √61. 7² = 49, 8² = 64, ஆகவே 7க்கும் 8க்கும் இடையில், 8க்கு அருகில். வரைந்து அளந்தால் 7.8. கூரை வேலையிலிருந்து ஒன்று: 6 மீற்றர் அகல அறை, முகடு சுவருக்கு மேல் 1.25 மீற்றர். 3உம் 1.25உம் பக்கங்கள், கைமரம் 3.25 மீற்றர், இறவாரத்துக்கு அரை மீற்றர் சேர்த்து 3.75. முகடு 1.5 மீற்றர் என்று மாற்றினால் √11.25, ஏறத்தாழ 3.35, இறவாரத்தோடு 3.85. மரம் வாங்குபவருக்கு இரண்டாவது கணக்குத்தான் அடிக்கடி வரும்.

கடைசியாக, ஒரு முக்கோணியை வரைந்து 7, 9 என்று இரண்டு பக்கங்களை மட்டும் குறித்து, செங்கோணக் குறி எதுவும் போடாமல் மூன்றாவது பக்கத்தைக் கேளுங்கள். தரவு போதாது, செங்கோணம் என்று சொல்லப்படவில்லை என்று எழுதும் பிள்ளைக்கு முழுப் புள்ளியும் கொடுக்கவேண்டும். √130 எழுதியவருக்கு 6, 8, 9 முக்கோணியையும் 6, 8, 11 முக்கோணியையும் மறுபடி மேசையில் வையுங்கள்.